அந்த விராலுக்குப் பசியில்லை

போன செவ்வாய்க்கிழமை மலாக்காக் கடைத்தெருவில் வசமாக மாட்டிக்கொண்டேன்.

மாட்டிவிட்டவர் மளிகைக்கடை நெய்னா. செமாபோக்கிலிருந்து தினமும் சைக்கிள் மிதித்து வந்து கடை திறக்கிறவர். வாரா வாரம் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை ஒரு எழுத்து விடாமல் படிக்கிறவர். வெந்தயம் கேட்கப் போனவனைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்.

"என்னங்க கிராணியாரே, மூணு மாசமா மீனையே காணோமே? டைப்ரைட்டர் ரிப்பன், மழைக்கோட்டு, துரையோட நாய்க்குட்டி... இதெல்லாம் யாருக்கு வேணும்? ஆத்துக்குப் போங்க. மீனைப் புடிங்க. எழுதுங்க. நாங்க சிரிக்கணும்ல?"

நானும் சிரித்து வைத்தேன். வெந்தயத்தை வாங்கிக்கொண்டு காஜா பெராங்கில் இருக்கும் வீடு வரை நடந்தே வந்தேன். வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. மீன் எங்கே?

சொல்கிறேன். ஆனால் நெய்னா, இந்த வாரம் நீங்கள் சிரிக்க முடியாது.

பழைய வாசகர்களுக்கு எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் படகுக் கோஷ்டியை நன்றாகத் தெரியும். ஒரே ஆபீஸில் பேனா பிடிக்கும் கிராணிகள் ஐந்து பேர். பாலத்தடியில் ஒரு சம்பான் படகை அமர்த்திக்கொண்டு, கடல் பொங்கி ஆற்றில் வெள்ளம் ஏறும் நேரம் பார்த்து மேலே போவோம். உப்புத்தண்ணீர் முடிந்து நல்ல தண்ணீர் வருகிற இடத்தில் தூண்டில் போடுவோம். ஹெட்கிளார்க்கின் தொப்பிக்குள் தவளை குடியேறியதும், நான் இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு குடை பிடித்ததும் நீங்கள் படித்துச் சிரித்தவைதான்.

நீங்கள் படிக்காத ஒன்று உண்டு. வீட்டில் ராஜம் இருந்தாள். என் மனைவி. இத்தனை வருஷத்தில் இந்தப் பத்தியில் அவள் பெயர் வந்ததே இல்லை. எப்படி வரும்? நான் எழுதியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவளோடு இருந்ததில்லை.

மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு ஞாயிறு. ராஜத்துக்கு எட்டாவது மாதம். காலையில் தூண்டிலை எடுத்தபோது வாசல்படியில் வந்து நின்றாள்.

"இன்னிக்குப் போகவேணாமே. முதுகு ஒரு மாதிரி இழுக்குதுங்க."

"மத்தியானத்துக்குள்ள வந்துடுறேன்" என்றேன்.

வரவில்லை. அன்றைக்குப் பார்த்து மீன் அப்படிக் கடித்தது. யாருக்கு எழுந்து வர மனம் வரும்? விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பினேன். கையில் எட்டு கெளுத்தி, கயிற்றில் கோர்த்து. தெருமுனையிலிருந்தே அவற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று.

பெண் குழந்தை. நண்பகலில் பிறந்திருக்கிறது. மூன்று மணி நேரம் உயிரோடு இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டு சபாபதி அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் முழுக்க என்னைத் தேடியிருக்கிறார். நாங்கள் நாணல் மறைவில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தோம். சத்தம் போட்டால் மீன் ஓடிவிடும், பாருங்கள். பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்தாக வேண்டும் என்று அவரே தூக்கிக்கொண்டு போய் எல்லாம் முடித்துவிட்டார். என் மகளின் முகம் எனக்குத் தெரியாது.

அந்த வாரப் பத்தியை வெள்ளிக்கிழமையே பத்திரிகை ஆபீஸுக்கு அனுப்பியிருந்தேன். ஹெட்கிளார்க் தூண்டில் முள்ளில் தன் சட்டையையே பிடித்த கதை. அது அச்சாகி வந்தது. பதினோரு பேர் பாராட்டிக் கடிதம் போட்டிருந்தீர்கள்.

சபாபதி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் அவரைப்போலத்தான். பெயர் தமிழ்ப்பெயர். கும்பிடுவது நம் சாமி. நெற்றியில் திருநீறு. பேச்சு மட்டும் மலாய். அண்ணன், அக்கா, தம்பி இந்த மாதிரி சில சொற்கள்தான் தமிழில் வரும். எத்தனையோ தலைமுறையாக இங்கேயே இருக்கிறவர்கள். அவர் மனைவி தெய்வானை அக்கா. அவர்தான் ராஜத்தின் பக்கத்தில் அன்று இருந்தவர்.

ராஜத்துக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. ஊரிலிருந்து வந்த நாள் முதல் அவளுக்கு நான்தான் துபாஷி. காய்கறிக்காரன் சொல்வதை நான் சொல்வேன். இவள் சொல்வதை அவனுக்குச் சொல்வேன். அக்காவும் இவளும் அடுப்படியில் உட்கார்ந்து ஏதோ கையை ஆட்டிப் பேசிக்கொள்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு ராஜம் என்னோடு சண்டை போடவில்லை. அழவில்லை. "சாப்பாடு ஆயிடுச்சு." "விளக்குல எண்ணெய் இல்ல." அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். தட்டை எடுத்து வீசியிருக்கலாம். நான் தயாராகத்தான் இருந்தேன்.

இதற்கிடையில் திருவாரூரிலிருந்து அவள் அண்ணன் கடிதம் எழுதினார். தங்கையைக் கப்பல் ஏற்றி அனுப்பு, உடம்பு தேறட்டும் என்று. போனால் திரும்புவாளா? அதை யாரும் எழுதவில்லை. கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டாள். போகிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. அந்தக் கடிதம் அரிசிப் பானைக்குப் பக்கத்திலேயே பல நாள் கிடந்தது. தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் அது அங்கே இருக்கிறதா என்று பார்ப்பேன்.

அப்போதுதான் தெய்வானை அக்கா சொன்னார்... பிள்ளை பெற்ற உடம்பு ஆற விரால் சூப்புதான் வேண்டும், சந்தை விரால் வேண்டாம், ஆற்று விரால், அன்றைக்குப் பிடித்தது. இங்கே எல்லா இனத்தாரும் நம்புகிற வைத்தியம் அது. சபாபதி அண்ணன் தன் சம்பானில் போகலாம் என்றார்.

ராஜம் திடீரென்று "நானும் வர்றேன்" என்றாள்.

நான் திகைத்துப் போனேன்.

"அப்படி என்னதான் இருக்குன்னு நானும் பாக்கணும்" என்றாள்.

எனக்கு அதில் இருந்த குத்தல் உறைக்கவே இல்லை. மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. ஆற்றுக் காற்று பட்டால் மனம் மாறும், ஒரு நல்ல மீன் கிடைத்தால் சிரிப்பாள், சிரித்துவிட்டால் இருந்துவிடுவாள்... இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு அந்த வாரத்தை ஓட்டினேன்.

வெள்ளம் ஏறும் நேரம் பார்த்துக் காலையில் கிளம்பினோம். அண்ணன் துடுப்புப் போட்டார். அக்கா வாழையிலையில் கட்டிய தேங்காய்ச் சோற்றுப் பொட்டலங்களோடு நடுவில் உட்கார்ந்தார். ராஜம் முன்பக்கம். நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தேன். இது நீப்பா ஓலை, அது மீன்கொத்தி, இங்கேதான் ஹெட்கிளார்க் விழுந்தார். உங்களுக்கு எழுதிய நகைச்சுவை எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

குருபோங் பக்கம் ஆறு ஒடுங்கி, ஓரத்தில் வயல்தண்ணீர் வந்து கலக்கிற ஒரு தேக்கம். அங்கே நீர்ப்பரப்பில் ஒரு முறம் அகலத்துக்குச் செந்நிறமாய் ஏதோ கொதிப்பதுபோல் இருந்தது. உற்றுப் பார்த்தால் நூற்றுக்கணக்கான குஞ்சுகள். விரால் குஞ்சு அந்தப் பருவத்தில் சிவப்பாய்த்தான் இருக்கும். கீழே பெரியது காவல் நிற்கும். அந்த நேரத்தில் தவளையை இரையாகக் கட்டி அந்தச் சிவப்பின் மேல் தொங்கவிட்டால் போதும். பாய்ந்து கடிக்கும். தப்பவே தப்பாது.

"ஜாங்கான், தம்பி. அனாக் அடா" என்றார் அண்ணன். வேண்டாம் தம்பி, குஞ்சு இருக்கிறது என்று.

எனக்குக் காதில் விழுந்தது. தெளிவாகவே விழுந்தது. ஆனால் ராஜம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாளே! இத்தனை நாளில் முதன்முறையாக ஒன்றை ஆசையாகப் பார்க்கிறாள். நான் தவளையை இறக்கினேன்.

தண்ணீர் வெடித்தது. மூங்கில் வளைந்தது. இழுத்துப் போட்டேன். முழங்கை நீளம். விராலைச் சும்மா விட்டால் துள்ளி ஆற்றுக்கே போய்விடும், அதனால் வழக்கம்போல் துடுப்புக் கட்டையால் தலையில் இரண்டு போட்டேன். அது அடங்கியது. வெற்றிப் பெருமிதத்தோடு நிமிர்ந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. சம்பான் ஓரத்தில் அந்தச் சிவப்பு வட்டம் இன்னும் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே ஆள் இல்லை என்பது அதற்குத் தெரியவில்லை.

"அவர் என்ன சொன்னாரு?" என்றாள் ராஜம்.

"பெரிய மீனு இருக்கு, பாத்து இழுன்னாரு."

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, கொஞ்சமும் தடுமாறாமல் கேட்டாள்:

"இனி மாக் டியா, அண்ணா?"

இது இவற்றின் தாயா? மலாயில் கேட்டாள். எப்போது கற்றாள்? அந்த அடுப்படியில், நான் இல்லாத நேரமெல்லாம், அக்காவிடமா? என் வீட்டில் ஒருத்தி ஒரு முழு பாஷையைக் கற்று முடித்திருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"பூக்கான். பாபாக் டியா."

தாய் இல்லை. தகப்பன்.

அவர் மலாயில் சொன்னதை அப்படியே தருகிறேன். விராலில் தகப்பன்தான் குஞ்சுகளை விட்டு நகராதாம். ஒரு மாதம்கூட நிற்குமாம். சரியாக இரைகூட எடுக்காதாம். தவளையைக் கடித்தது தின்பதற்கு இல்லை, குஞ்சுகளிடமிருந்து விரட்டுவதற்கு.

"அப்ப அதுக்குப் பசி இல்லையா?" என்றாள் ராஜம், இந்தமுறை தமிழில், என்னைப் பார்த்து.

"இல்லை" என்றேன்.

தாய் எங்கே என்று அண்ணனிடம் கேட்டாள். பக்கத்தில்தான் எங்காவது இருக்கும், ஆனால் தனியாகக் காப்பாற்றுவது கஷ்டம் என்றார் அவர்.

"ஆமா. தனியா முடியாதுதான்."

அப்போது வட்டத்தின் ஓரத்தில் தண்ணீர் ஒரு முறை குமிழித்தது. பிறகு இன்னொரு பக்கம். ஏதோ மீன்கள் வந்துவிட்டன. சிவப்பு இரண்டாகப் பிரிந்தது, நாலாகப் பிரிந்தது. அக்கா கையால் தண்ணீரை அடித்து அவற்றை விரட்டப் பார்த்தார். நான் செத்த விராலைத் தூக்கி ஆற்றில் போட்டேன். எதற்குப் போட்டேன் என்று கேட்காதீர்கள். அது வெள்ளை வயிறு தெரிய மிதந்தது.

ராஜம் ஆற்றைப் பார்த்தபடியே பேசினாள். குரல் உயரவில்லை.

"மூணு மணி நேரம் இருந்தா. கண்ணைத் தொறந்துதான் இருந்தா. நான் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். அவளைத் தூக்கி வாசல் பக்கம் திருப்பி வச்சிருந்தேன், நீங்க வந்தா தெரியட்டும்னு."

எழுத்தாளனாம்! வாரா வாரம் இத்தனை வரி எழுதுகிறவனுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"ஊர்ல எங்கண்ணனுக்கு எழுதிப் போடுங்க" என்றாள். "வர்றேன்னு."

சோற்றுப் பொட்டலங்களை யாரும் பிரிக்கவில்லை. தண்ணீர் இறங்கும் வரை காத்திருக்காமல், வெள்ளத்துக்கு எதிராகவே துடுப்புப் போட்டு அண்ணன் எங்களை வீடு கொண்டுவந்து சேர்த்தார்.

அதிலிருந்து மூன்றாம் வாரம் கப்பல். ஊருக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு சேர்த்து அனுப்பினேன். போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தில் ஏணி ஏறுவதற்கு முன்னால் நின்று, "சாப்பாட்டுக்கு அக்காகிட்ட சொல்லியிருக்கேன். வேளைக்குப் போயிடுங்க, அவங்களைக் காக்க வைக்காதீங்க" என்றாள். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போய்ச் சேர்ந்ததாக அவள் அண்ணன் எழுதியிருக்கிறார். அவள் எழுதவில்லை. எழுதுவாள் என்று எனக்கு நம்பிக்கையும் இல்லை.

தூண்டில் போடுகிறவர்களுக்குப் பொறுமை அதிகம் என்று இதே பத்தியில் நானே எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! தயவுசெய்து அடித்துவிடுங்கள். சுத்தப் பொய். முகம் தெரியாத ஒரு மீனுக்காக நாள் முழுக்கக் காத்திருப்போம். நமக்காகக் காத்திருக்கிறவர்களிடம் "மத்தியானத்துக்குள்ள வந்துடுறேன்" என்போம். அந்தப் பொறுமையில் ஒரு கால்பங்கை வீட்டில் காட்டியிருந்தால்... விடுங்கள். யாருக்கு உபதேசம்?

இதுதான் நெய்னா, மீன் கதை. நீங்கள் கேட்டதால் எழுதினேன்.

நல்ல மூங்கில் தூண்டில் ஒன்று என் வீட்டுக் கதவோரம் சாத்திக் கிடக்கிறது. வேண்டியவர்கள் காஜா பெராங் வந்து எடுத்துக்கொள்ளலாம். எந்த நேரத்திலும் வரலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இப்போது வீட்டில்தான் இருக்கிறேன்.