ஐந்தாவது மெத்தை

அந்தக் குழந்தைகள் காப்பகத்தின் மதியத் தூக்க அறையில் ஆயாம்மா வைத்ததுதான் சட்டம். நாற்பதைத் தொடாதவளை ஆயாம்மா என்று கூப்பிடுவது அநியாயம்தான். ஆனால் சோறு ஊட்டி, மூக்கு துடைத்து, ஐந்து வாண்டுகளை ஒரே நேரத்தில் படுக்க வைக்கிறவளுக்கு வேறு என்ன பட்டம் கொடுப்பது? அவளும் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை.

படுக்க வைக்க அவளுக்கு ஒரு துணை உண்டு. அலமாரி மேலிருக்கும் பழைய பாட்டுப் பெட்டி. ஏழு வருஷத்துக்கு முன் இங்கே வேலை பார்த்த பெரியக்கா, மகன் வீட்டோடு போவதற்கு முந்தின நாள் தன் குரலை அதில் பதிந்து வைத்தாள். அந்தக் குரல் இல்லாமல் அன்றைய ஐந்து பேரும் கண்ணை மூட மாட்டார்கள். முதலில் ஒரு தாலாட்டு, அப்புறம் அட்டெண்டன்ஸ். "குண்டு, தூங்கிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டி கொஞ்சம் சும்மா இருக்கும். முதல் மெத்தையிலிருந்து "தூங்கிட்டேன்" என்று பதில் வரும். தூங்கியவன் எப்படிப் பேசுவான் என்று எந்தக் குழந்தையும் கேட்டதில்லை. பிறகு எறும்பு, உம்மணாமூஞ்சி, வாயாடி. கடைசியாக ஜன்னலோரத்து ஐந்தாவது மெத்தை. "வாலு, தூங்கிட்டியா?"

அந்த ஐந்து பேரும் வளர்ந்து பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். இல்லை, நான்கு பேர். வாலு ஆயாம்மாவின் மகள். பெரியக்கா போன மறுமாதம், மூன்றே நாள் காய்ச்சலில், நான்கு வயது முடியுமுன் போய்விட்டாள்.

குழந்தைகள் மாறினார்கள், பெட்டி மாறவில்லை. யார் எந்த மெத்தையில் படுத்தாலும் அதன் பெயர் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. ஒல்லிக்குச்சி ஒருத்தன் இரண்டு வருஷம் குண்டாக இருந்தான். ஐந்தாவது மெத்தைக்கு மட்டும் ஆயாம்மாவே ஆள் பார்ப்பாள், பெண் குழந்தையாக, துறுதுறுவென்று. தினமும் மதியம் ஒரு தடவை அவள் மகளை யாரோ கூப்பிட்டார்கள், ஒரு குழந்தைக் குரல் பதில் சொன்னது. அதற்காகத்தான் அவள் வேலைக்கே வந்துகொண்டிருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் பொறுப்பேற்ற மேடத்துக்கு இது எதுவும் தெரியாது.

இந்த வருஷம் பெட்டி திக்க ஆரம்பித்தது. மேடம் மூன்று புதுப் பெட்டிகளை வரவழைத்து மேஜைமேல் வைத்தார்.

"மூணுலயும் ஸ்கிரீன் கிடையாது. கதை, பாட்டு மட்டும்தான். எது சரிவரும்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

ஆயாம்மா ஒவ்வொன்றையும் இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டாள். மேடத்துக்குப் பாதி உயிர் போனது. ஈரத் துணியால் துடைத்தாள். மூலையைக் கடித்தும் பார்த்தாள், இங்கே கடிபடாத சாமான் ஏது? முதல் பெட்டிக்கு ஹெட்போன். ஒயர் கழுத்தைச் சுற்றும் என்று ஒதுக்கிவிட்டாள். இரண்டாவதன் தலையில் ஒரு பொம்மையை வைத்தால் கதை சொல்லும், சத்தம் ஓரளவுக்கு மேல் ஏறாது. மூன்றாவதும் அதே மாதிரிதான், கூடவே குரல் பதிகிற வசதி.

"பழைய பெட்டியில இருக்கறத அப்படியே இதுல ஏத்திடலாமாம்," என்றார் மேடம்.

ஆயாம்மாவின் கை அதன் மேலேயே நின்றது. "நாளைக்குச் சொல்றேன் மேடம்."

சாயங்காலம் ஐந்தாவது மெத்தைக்காரியை அழைத்துப்போக அவள் அம்மா வந்தாள். வங்கியில் வேலை, அதட்டிப் பேசத் தெரியாதவள்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஆயாம்மா. வீட்ல பேரச் சொல்லிக் கூப்பிட்டா இவ திரும்பறதே இல்ல. நான் வாலுங்கறா. வாலுன்னா யாருடின்னு கேட்டா, அவ அங்கயேதான் இருப்பா, வீட்டுக்கெல்லாம் போகமாட்டாங்கறா. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

குழந்தை வராந்தாக் கோடியில் செருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. ஆயாம்மா அதன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். பிறகு மெல்ல, "வாலு" என்றாள். குழந்தை செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்து அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டது.

ஆயாம்மாவுக்கு வயிறு குளிர்ந்தது. பெற்றவள் பக்கத்தில் நிற்பதே ஒரு கணம் மறந்துபோனது. அடுத்த கணம் தன்னை நினைத்தே பயமாக இருந்தது. இன்னொருத்தி பெற்ற பிள்ளையை மதியத்துக்கு மதியம், கொஞ்சம் கொஞ்சமாக, அவள் தன்னுடையதாக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் காலை இரண்டாவது பெட்டியை எடுத்து மேடத்தின் முன் வைத்தாள்.

"இது போதும் மேடம். கதை சொன்னாப் போதும்."

"அப்ப அந்தப் பழைய குரல்?"

"வேண்டாம் மேடம்."

அன்று மதியம் புதுப் பெட்டியின் தலையில் ஆமை பொம்மையை வைத்தாள். ஆமை கடல் பார்க்கப் போன கதையைச் சொல்லி முடித்துப் பெட்டி ஓய்ந்தது. பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

முதல் மெத்தையிலிருந்து, "தூங்கிட்டேன்."

இரண்டாவது மெத்தை, மூன்றாவது, நான்காவது. யாரும் கேட்காமலே வரிசையாகச் சொன்னார்கள். ஐந்தாவது மெத்தைக்காரி நிஜமாகவே தூங்கிவிட்டிருந்தாள். நான்கு பேரும் காத்திருந்தார்கள். வாயாடி முழங்கையை ஊன்றி எழுந்து பார்த்தான்.

"வாலு இன்னும் சொல்லலையே ஆயாம்மா."

"அவ வாலு இல்லடா கண்ணு. அவளுக்கு வேற பேரு."

"அப்ப வாலு எங்க?"

ஏழு வருஷமாக யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

"அவ எப்பவோ போயிட்டா. நான்தான் விடாமப் பிடிச்சு வச்சிருந்தேன். படு."

வாயாடி சரியென்று தலையாட்டிவிட்டுப் படுத்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கண்ணை மூடினார்கள். ஐந்தாவது பதிலுக்காக ஆயாம்மா மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.