விருந்தாளி கிளம்பும் நேரம்

ஆட்டிசம் உள்ள என் மகளுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. பேச்சு கிடையாது. வீட்டுக்கு ஆள் வந்தால் கத்துவாள், தலையைச் சுவரில் மோதிக்கொள்வாள். அப்படித்தான் எல்லோரும் நம்பியிருந்தோம். அவள் அப்பா காலமான பிறகு கோவில்பத்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். போலகத்திலிருந்து வரும் நாத்தனார், கொண்டுவந்த காய்கறியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போவாள்.

"உள்ள வந்தா புள்ளைக்குத்தான் கஷ்டம் அண்ணி" என்பாள்.

அக்கறையாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்புறம்தான் புதுச்சேரியிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். இப்படிப்பட்ட பிள்ளைகள் கத்துவதற்கு முன்னால் என்ன நடக்கிறது, பின்னால் என்ன நடக்கிறது என்று வீடுகளிலேயே இருந்து பார்த்து, பராமரிக்கும் விதத்தை மாற்றுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

"யாரையாச்சும் வரச் சொல்லுங்கம்மா. நீங்க எப்பவும் போல இருங்க" என்று ஷோகேஸ் மேல் கேமராவை வைத்தாள்.

எப்பவும் போல என்றால் யாருமே வரமாட்டார்களே. நாத்தனாரைக் கெஞ்சிக் கூப்பிட்டேன். கேமரா என்றதும் பட்டுப்புடவையில் வந்துவிட்டாள். "டிவில வருமா அண்ணி?" என்பதுதான் முதல் கேள்வி.

மகள் அவளை ஒட்டி உட்கார்ந்து சரிகையைத் தடவிக்கொண்டிருந்தாள். காபி முடிந்தது. குங்குமத் தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். கணவர் போன பிறகு நான் கையால் எடுத்துக் கொடுப்பதில்லை, வந்தவர்களே எடுத்துக்கொள்வார்கள். தட்டைப் பார்த்ததும் மகள் கத்த ஆரம்பித்தாள்.

பக்கத்து வீட்டு அம்மா வந்த அன்றும் அதுவேதான் நடந்தது. மாணவி இரண்டு படத்தையும் எனக்குப் போட்டுக் காட்டினாள்.

"வர்றதுக்குக் கத்தலம்மா. தட்டு வந்தா ஆளு கெளம்பிடும்னு அவங்களுக்குத் தெரியுது. அதுக்குத்தான் கத்துறாங்க."

ஆட்கள் வேண்டும் என்று கத்திய பிள்ளையிடமிருந்து ஆட்களையெல்லாம் விரட்டியிருக்கிறோம்.

தட்டை மறைக்க வேண்டாம், அவள் கையிலேயே கொடுத்துவிடலாம் என்றாள் மாணவி. கிளம்பும் ஆளுக்குக் குங்குமம் வைப்பது, வாசல்வரை கூட வருவது, கதவைச் சாத்துவது. ஒவ்வொன்றையும் படமாகச் சுவரில் ஒட்டி, தானே விருந்தாளியாக வந்து வந்து போய்ப் பழக்கினாள். மாதக்கணக்கில் ஆனது. கடைசியாக அவள் ஊருக்குக் கிளம்பிய அன்று, மகள் அவள் நெற்றியில் குங்குமம் வைத்து வாசலில் விட்டுவிட்டு அமைதியாகக் கதவைச் சாத்தினாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நாத்தனாருக்கு உடனே போன் போட்டேன். "இப்பக் கத்த மாட்டா. வந்து பாரேன்."

"வர்றேன் அண்ணி. நடவு முடியட்டும்."

நடவும் முடிந்தது, அறுப்பும் முடிந்தது. பக்கத்து வீட்டு அம்மாவோ, "புள்ளைய எதுக்குங்க தொந்தரவு பண்ணணும்?" என்று தெருவோடு நழுவிவிட்டார். என் பிள்ளையின் பழக்கத்தை மாற்ற ஆராய்ச்சி வந்தது. இவர்கள் பழக்கத்தை மாற்ற யார் வருவது?

மகள் மட்டும் சாயங்காலமானால் தட்டை எடுத்துக்கொண்டு காலி நாற்காலிக்கு முன்னால் வந்து நிற்பாள். ஒருநாள் அதைப் பார்க்கச் சகிக்காமல் நானே அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். சற்று நேரம் கழித்து, கிளம்புகிறவள் போல எழுந்தேன். அவள் விரலில் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு என் நெற்றிக்குக் கையைக் கொண்டுவந்தாள். தடுக்கப்போன கையை இறக்கிக்கொண்டேன். வைத்துவிட்டாள். என் முழங்கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிவந்து, வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள்.

நெற்றியில் குங்குமத்தோடு தெருவில் நின்றேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. எனக்காக ஒரே ஒரு தடவை கத்தமாட்டாளா என்று கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.