இரண்டாம் சிடி அரியலூரில் இருக்கிறது

1. ஈரான் சாப்ட்வேர்

2002 ஏப்ரல் 21, ஞாயிறு. காலையில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, பெரம்பலூரில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரைத் திறந்தேன். யூபிஎஸ் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். மானிட்டர்களைத் துடைத்து, கீபோர்டுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தட்டினேன். அன்று வகுப்பு கிடையாது. ஆனாலும் இந்த வேலையை முடிக்காமல் எனக்கு ஞாயிற்றுக்கிழமை தொடங்காது. பிறகு முதலாம் சிடியையும் மூன்றாம் சிடியையும் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, எங்கள் குழுவின் இணைப்புக் கூட்டத்துக்குக் கிளம்பினேன்.

என்ன குழு, என்ன இணைப்பு என்று சொல்லிவிடுகிறேன். ‘ஹெரான்’ என்றொரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் இருந்தது. உலகத்தில் ஆங்காங்கே சில பேர் சம்பளமில்லாமல் எழுதியது. விலை கிடையாது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாருக்கும் கொடுக்கலாம் என்று லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். பழைய மெஷினிலும் ஓடும், தமிழிலும் ஓடும் என்பதால் எங்கள் சென்டரில் அதைத்தான் போட்டிருந்தோம்.

சேர வருகிறவர்கள் பெயரைக் கேட்டதும், “ஈரானா சார்? அது பெட்ரோல்ல ஓடுமா?” என்பார்கள். சிரித்துவிட்டு வேறு சென்டரில் சேருவார்கள்.

அதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பு செய்தது எங்கள் குழு. தலைவர் பாஸ்கரன், பெரம்பலூரில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். செயலாளர் நான். ‘ஹோம்’ என்ற சொல்லுக்கு ‘வீடு’ என்று அடிக்க வேண்டிய இடத்தில் பாஸ்கரன் பேசுகிறபடியே ‘வூடு’ என்று அடித்துவிட, அது அப்படியே உலகம் முழுக்கப் போய்விட்டது. கனடாவிலிருந்து ஒரு தமிழர், இது என்ன சொல் என்று ஈமெயிலில் கேட்டார். “வட்டார வழக்கு, மாற்ற முடியாது” என்று பாஸ்கரன் பதில் போட்டார்.

2. மாவட்டம் பிரிந்தது

2001இல் அரியலூர் தனி மாவட்டமானது. சர்க்கார் ஆபீஸ்களில் ஜீப்பையும் பீரோவையும் பிரித்துக்கொண்டார்கள். அதைப் பார்த்துவிட்டு, எங்கள் குழுவில் அரியலூர்க்காரர்களுக்கு மூத்தவரான ராமலிங்கம், சிமெண்ட் ஆலை ஸ்டோர்ஸில் இருந்தவர், தனிக் குழு கேட்டார்.

“மாவட்டமே பிரிஞ்சிருச்சு. இன்னும் உங்க பெரம்பலூர் பேர்ல நாங்க எதுக்கு இருக்கணும்?”

“தாராளமாப் போங்க தலைவரே. வூட்டை வச்சிட்டுப் போங்க,” என்றார் பாஸ்கரன்.

சொத்து பிரிக்கப்பட்டது. சொத்து என்பது வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்த மூன்று சிடி. ஒன்றும் மூன்றும் பெரம்பலூருக்கு, இரண்டாவது அரியலூருக்கு. இரண்டாம் சிடியில்தான் தமிழ் எழுத்துருவும் பிரிண்டர் டிரைவரும் இருந்தன.

அதற்குப் பிறகு ஹெரானை யார் புதிதாகப் போட்டாலும், பாதியில் ‘இரண்டாம் சிடியை இடுக’ என்று திரையில் வரும். அதை நாங்களே மொழிபெயர்த்திருந்தோம். இடுவதற்குத்தான் சிடி கிடையாது. திருச்சியில் ஒரு கடையில் கொடுத்தால் நகல் போட்டுத் தருவார்கள். ஆனால் நகலுக்காக அரியலூரைக் கேட்பதா என்று நாங்கள் இருந்தோம். பெரம்பலூரைக் கேட்பதா என்று அவர்கள் இருந்தார்கள். டெலிபோன் லைனில் இறக்கலாம் என்று நான் முயன்றேன். யாராவது போன் செய்தால் லைன் கட்டாகும். சென்டருக்கு அப்போதுதான் எல்லாரும் போன் செய்வார்கள்.

அடுத்த வருடம் அரசாங்கம் இரண்டு மாவட்டத்தையும் திரும்ப ஒன்றாக்கியது. நாங்களும் ஒன்றாக வேண்டியதாயிற்று.

3. டீக்கடையில் தீர்மானம்

அவர்கள் ஊருக்கு நாங்கள் போக மாட்டோம். எங்கள் ஊருக்கு அவர்கள் வர மாட்டார்கள். அதனால் கூட்டம் நடுவழியில் ஒரு டீக்கடையில். சுண்ணாம்புக்கல் லாரி போகும்போதெல்லாம் பேச்சு நின்று, புழுதி அடங்கியதும் தொடர்ந்தது. மூன்று சிடியும் மேஜைமேல் வைக்கப்பட்டன. இரண்டாம் சிடியின் மேல் ராமலிங்கம் கையை வைத்திருந்தார்.

அங்கே செல்வமேரி எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தாள். எங்கள் சென்டரில் என்னிடம் படித்தவள். வரதராஜன்பேட்டையில் டைப்பிங் கடை வைத்திருந்தாள். அவள் மெஷினில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. புதிது வாங்கிப் போட்டிருந்தாள்; ஆனால் ஹெரானை ஏற்ற மூன்று சிடியும் வேண்டும். அங்குள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆண்டுத் தேர்வு வினாத்தாள் அடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை பத்து மணிக்குக் கொடுக்காவிட்டால் அந்த வேலை இனி அவளுக்கு இல்லை. அந்த ஒரு பள்ளிக்கூடத்தை நம்பித்தான் கடை.

“சார், சிடியைக் கொடுத்துட்டு நீங்க பாட்டுக்குப் பேசுங்க. நான் பஸ்ஸைப் புடிக்கணும்.”

“இரும்மா, இணைப்பு முடியட்டும். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல,” என்றார் ராமலிங்கம்.

முதல் பொருள், குழுவின் பெயர். பெரம்பலூர்–அரியலூரா, அரியலூர்–பெரம்பலூரா? அகர வரிசைப்படி அரியலூர்தான் முதலில் வரும் என்றார் ராமலிங்கம். பஸ் போர்டில் பெரம்பலூர் முதலில் இருக்கிறது என்றார் பாஸ்கரன்.

“அது பெரம்பலூர்ல கிளம்புற பஸ்ஸுங்க. எங்க ஊர்ல கிளம்புறதுல போர்டைப் போய்ப் பாருங்க.”

இரண்டாம் பொருள், ‘கேன்சல்’ பட்டனுக்குத் தமிழ். எங்கள் பக்கம் ‘ரத்து’. அவர்கள் பக்கம் ‘விலக்கு’.

“‘விலக்கு’ன்னா வரி விலக்கான்னு கேப்பான்,” என்றார் பாஸ்கரன்.

“‘ரத்து’ன்னா பஸ்ஸு ரத்தான்னு கேப்பான்.”

“ஏண்ணே,” என்றாள் செல்வமேரி, “நாளைக்கு என் கடையே ரத்தாவப் போவுது. அதுக்கு ஒரு தமிழ் சொல்லுங்களேன்.”

நான் துணைக்குழு அமைக்கலாம் என்று சொன்னேன். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். துணைக்குழுவுக்கு யார் தலைவர் என்று பேச்சு தொடங்கியது. விரல்விட்டு எண்ண வேண்டியிருந்ததால் ராமலிங்கம் சிடியிலிருந்து கையை எடுத்தார்.

செல்வமேரி மூன்று சிடியையும் எடுத்துத் தன் பையில் போட்டாள்.

“ஏம்மா, ஏம்மா! குழு சொத்தும்மா அது!”

“யாரு வேணா எடுத்துக்கலாம்னு இதுலயே எழுதியிருக்குன்னு சார்தானே பாடம் எடுத்தாரு? நான் எடுத்துக்கிட்டேன். போயிட்டு வரேன்.”

பஸ் வந்தது; ஏறிப் போய்விட்டாள். மேஜை காலியாக இருந்தது. பிரித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால், அடுத்த டீ வருவதற்குள் இணைப்புத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பெயரில் இரண்டு ஊரும் வேண்டாம் என்று முடிவாயிற்று.

“திருப்பித் தராது பாருங்க,” என்றார் ராமலிங்கம்.

“அரியலூர்ப் பக்கத்துப் பொண்ணு. நீங்கதான் வாங்கித் தரணும்,” என்றார் பாஸ்கரன்.

4. கற்றது

இந்தத் துறைக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். இலவச சிஸ்டத்துக்குப் பூட்டு கிடையாது. பூட்டு வேண்டுமென்றால் அதற்கு ஒரு குழு அமைத்தாக வேண்டும். சிடி கையில் கிடைத்த அன்றே நகல் எடுத்துவிடுங்கள். யாரிடமிருந்து வந்தது என்று பார்க்காதீர்கள். அவருக்கும் ஒரு நகல் கொடுங்கள். சங்கம் வேண்டுமென்றால் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கூட்டத்துக்கு மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வரதராஜன்பேட்டைக்குப் போனேன், பாஸ்கரனிடம் சொல்லாமல். செல்வமேரியின் கடைப் பெஞ்சில் ராமலிங்கம் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். உள்ளே பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“சிடிதானே? தரேன் சார். பேப்பர் போய்ச் சேரட்டும்,” என்று சொல்லி எங்கள் இருவர் மடியிலும் ஆளுக்கொரு வினாத்தாள் கட்டாக வைத்தாள். “கேள்வியைப் படிக்காதீங்க.”

ஆறாம் வகுப்புத் தமிழ் இரண்டாம் தாளை ராமலிங்கம் மடித்துக் கொடுக்க, நான் ஸ்டேப்ளர் அடித்தேன்.