டிரைவரம்மா தாண்டிய மேடு

இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியவளுக்கு, ஒரு முழ நீள ரிமோட் கார் தண்ணி காட்டும் என்று யார் நினைத்தார்கள்? டிரைவரம்மா நிச்சயமாக நினைக்கவில்லை. செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கும் நாத்தனார், ஞாயிறுதோறும் மண் தடத்தில் ரிமோட் கார் ஓட்டுவதை அவள் பார்த்தாள். “இதென்ன பெரிய வித்தையா?” என்று தானும் ஒன்று வாங்கிவிட்டாள்.

கார் எதிரே வரும்போது இடமும் வலமும் மாறிப்போவதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டாள். பெரிய மேடுதான் அவளைக் கவிழ்த்தது. ரிமோட்டின் விசையை இழுத்தால் வேகம், முன்னால் தள்ளினால் பிரேக். கார் மேட்டைவிட்டு எழும்பியதும் அவள் விரல் தானாகவே தள்ளிவிடும். ஆபத்து என்றால் பிரேக் என்பது பேருந்தில் ஊறிய புத்தி. அந்தரத்தில் பிரேக் பிடித்த காரோ மூக்கால் மண்ணைக் குத்தி, குட்டிக்கரணம் போட்டு, நாலு சக்கரத்தையும் வானத்துக்குக் காட்டும்.

“பஸ்ஸை எப்பவாவது பறக்க விட்டிருக்கீங்களா அண்ணி?” என்றாள் நாத்தனார்.

“விட்டிருந்தா இவ்வளவு கஷ்டம் இருக்காதே.”

ஒரு மாலை, சமையலறையில் காரைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு விசையை இழுத்துப் பார்த்தாள். சக்கரங்கள் சுழல, கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு திமிறியது. பிரேக் பிடித்தாள், மூக்கு இறங்கியது. இழுத்தாள், தள்ளினாள், மறுபடி இழுத்தாள்.

“பால் பொங்கி வழியுது,” என்றார் கணவர்.

“வழியட்டும். எனக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு.”

அந்த ஞாயிறு தகுதி ஓட்டம். ஐந்து சுற்று, குறைந்த நேரத்தில் முடிக்கும் பத்துப் பேருக்கே இறுதிப் போட்டி. நாலு சுற்று மேட்டைப் பூப்போலத் தாண்டினாள். ஐந்தாவதில் கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டாள். மூக்கு மேலே போய்விட்டது. பதறாமல் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் தள்ளினாள். நாலு சக்கரமும் ஒன்றாக மண்ணில் இறங்கின. பலகையில் பத்தாவது இடம். டிரைவரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

மிச்சம் ஒரே ஒரு குழுவின் ஓட்டம். அதில் அவளை முந்தக்கூடியவள் நாத்தனார் ஒருத்திதான். ஓடி முடித்தவர்கள் அடுத்த ஓட்டத்தில் தடத்துக்குள் நின்று, கவிழும் கார்களை நிமிர்த்திவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். டிரைவரம்மாவுக்குக் கிடைத்தது அதே பெரிய மேடு.

கடைசிச் சுற்றில் நாத்தனாரின் கார் அவள் கண்ணெதிரே கவிழ்ந்தது.

கொஞ்சம் நொண்டினால் போதும், யாரும் கேட்கப்போவதில்லை. அந்த நினைப்பு வந்தது. வரவில்லை என்று பொய் சொல்வானேன்? ஆனால் கால் அதற்குள் ஓடிவிட்டது. காரை நிமிர்த்தி, சரியான திசை பார்த்து வைத்துவிட்டு விலகினாள்.

அரை விநாடி வித்தியாசத்தில் நாத்தனார் உள்ளே, டிரைவரம்மா வெளியே. வயிறு எரியத்தான் செய்தது.

“ஏன் கவுத்த?” என்று கேட்டாள்.

நாத்தனார் ரிமோட்டைத் துடைத்துக்கொண்டே நின்றாள். “உங்க நேரத்தைப் பலகையில பார்த்தேன் அண்ணி. அதுக்கப்புறம் கை நடுங்கிட்டே இருந்துச்சு.”

டிரைவரம்மா சிரித்துவிட்டாள். “ஃபைனல்ல நடுங்காம ஓட்டு. அடுத்த தடவை நான் தோக்கடிக்கும்போது நீ நல்லா ஓட்டியிருக்கணும்.”