கிரேன்காரர் கேட்ட இரண்டு பெட்டிகள்

பக்கவாதம் வந்தவரிடம் எல்லோரும் குழந்தையிடம் பேசுவதுபோல இழுத்து இழுத்துப் பேசுவார்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் முப்பது வருஷமாக இதைக் காண்கிறேன். இப்போது நான் பார்த்துக்கொள்ளும் கிரேன்காரருக்கு இடது கையும் காலும் வராது, பேச்சு குழறும். புத்தியில் ஒரு குறையும் இல்லை. துறைமுகத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சரக்குப் பெட்டிகளைத் தூக்கி இறக்கியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முன்னறையில் ஏழு ஸ்பீக்கர் வைத்துச் சினிமா பார்ப்பார்; வேறு ஆசை எதுவும் கிடையாது.

அவற்றை இயக்கிய ரிசீவர் ஒருநாள் புகைந்துபோனது. ஒலியைப் பிரித்து அனுப்பும் மூளை, ஸ்பீக்கரை முழங்கவைக்கும் ஆம்ப்ளிஃபயர், எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள். ஒன்று கெட்டதில் மொத்தமும் ஊமை.

கடைக்குக் கூட வந்த அவருடைய தம்பி, புது ரிசீவரே போதும் என்றார். கிரேன்காரரோ, மூளைக்கு பிராசஸர் என்று ஒரு பெட்டி, பலத்துக்கு ஆம்ப்ளிஃபயர் என்று இன்னொன்று கேட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்து, அவருக்கு எது சுலபம் என்றார். வாய் அவருக்கும் இருக்கிறது, அவரையே கேளுங்கள் என்றேன்.

கிரேன்காரர் நிதானமாகச் சொன்னார். "எனக்கு ஒரு பக்கம்தான் போச்சு. மிச்சத்தை வச்சு ஓட்டுறேன்ல? பெட்டியும் அப்படி இருக்கட்டும். எது கெடுதோ அதை மட்டும் ரிப்பேருக்குக் குடுப்பேன்."

"ரெண்டு பெட்டியை யாருண்ணே தூக்கி வைக்கிறது?" என்றார் தம்பி.

"உன்னைச் சொல்லலடா. நீ சாப்பிட்ட தட்டையே தூக்க மாட்ட."

மறுநாள் பெட்டிகளை மாட்ட ஆள் வந்தார். கேட்பவரின் காது இருக்கும் இடத்தில் மைக் வைத்து ஒலியை அளந்து சரிசெய்ய வேண்டுமாம். அவர் யோசிக்காமல் சோபாவின் நடுவில் வைத்தார். சக்கர நாற்காலியோ சுவரோரம் இருந்தது.

"நான் அங்கயா உக்கார்றேன்?" என்றார் கிரேன்காரர்.

வருகிறவர்கள் அங்கேதானே உட்காருவார்கள் என்றார் தம்பி. சுவரோரம் வைத்து அளந்தால் சத்தம் சரியாக வராது என்றார் வந்தவர்.

"அப்போ சோபாவை எடுங்க."

"அது நான் வாங்கிக் குடுத்ததுண்ணே."

"உன் வீட்டுலயே போட்டுக்கோ. இங்க படம் பாக்குறது நான்."

நான் சோபாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தம்பியைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் மறுமுனையைப் பிடித்தார். நாற்காலியை நடுவில் நிறுத்தி பிரேக் போட்டேன். மைக் அவர் காது உயரத்துக்கு வந்தது.

அன்று படம் முடியும்வரை தம்பி சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.