மூச்சு வாங்க வைத்த மாத்திரை

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு, கும்மிடிப்பூண்டி இரும்பாலை வேலைக்குத் திரும்பியிருந்தேன். ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகள் கொடுத்திருந்தார்கள். அதில் புது வகை மாத்திரையை இரண்டு வேளையும் போட வேண்டும். அதிலிருந்து சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூச்சு வாங்கியது. இதயம் மறுபடி கெட்டுவிட்டதோ என்ற பயத்தில் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஒருநாள் காலை மின்சார ரயிலில், இரைத்துக்கொண்டே மாத்திரை அட்டையை எடுத்தேன். எதிரே இருந்த அம்மா பெட்டிக்கே கேட்கும்படி, "இன்னாண்ணா, இத்தப் போட்டா மூச்சு முட்டுதா? எங்க ஊட்டுக்காரருக்கும் அப்படித்தான் இருந்துச்சு!" என்றார்.

"அப்படியாம்மா? இன்னியோட நிறுத்திடுறேன்."

"ஐயையோ, நீயா நிறுத்தாத! ஸ்டென்ட் அடைச்சுக்கும். டாக்டராண்ட சொல்லு, மாத்தித் தருவாரு. எங்க ஊட்டுக்காரரு இப்ப மூச்சே விடாம என்னாண்ட சண்டை போட்டுக்கினு கீறாரு!"

பெட்டியே சிரித்தது. எனக்குக் கூச்சமாக இருந்தாலும் நானும் சிரித்துவிட்டேன்.

மாலையே டாக்டரைப் பார்த்தேன். ஸ்கேன் எடுத்துவிட்டு, "ஹார்ட் நல்லா இருக்கு. சிலருக்கு இந்த மாத்திரை மூச்சு வாங்க வைக்கும்" என்று சொல்லி, ஒரு வேளை மட்டும் போடும் பழைய வகைக்கு மாற்றினார். சில நாளில் மூச்சு சீரானது. எல்லாவற்றையும் கேட்ட மனைவி முதலில் திட்டித் தீர்த்தாள், பிறகு வடை சுட்டுத் தந்தாள்.

அந்த அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ஆனால் உடம்புக்கு ஒன்று என்றால் இப்போதெல்லாம் அவரைப் போலவே உரக்கச் சொல்லிவிடுகிறேன்.