அக்காவும் பிரெஞ்சு விமானியும்

எங்கள் அக்கா எம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்களில் பலர் மவுண்ட் ரோஸ்கில் வீட்டில் அவர் கையால் சாப்பிட்டவர்கள். கனடாவிலும் லண்டனிலும் கொழும்பிலும் இருக்கும் சிலர் தொலைபேசியில் அவரது குரலை மட்டும் அறிந்தவர்கள். கடைசி ஆண்டுகளில் அவரை உலுக்கிய ஒரு விடயத்தை முழுதாக அறிந்தவர்கள் மிகச் சிலரே. உடன்பிறந்தவன் என்ற முறையில் அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை பார்த்த எங்கள் தந்தையாருக்கு மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். அம்மா அடிக்கடி நோயில் விழுபவர் என்பதால், படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு எங்களை வளர்த்தார். பிறகு தொலைபேசி இலாகாவில் வேலை செய்த அத்தானை மணந்தார். அவர்களது ஒரே மகள் நடை பழகிய காலத்தில், அறுந்த கம்பி ஒன்றைத் திருத்தப் போன அத்தான் திரும்பி வரவில்லை.

இராணுவம் வாகனத்தில் ஏற்றியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். இல்லை, எங்கள் இயக்கப் பெடியள்தான் விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள் என்றார் இன்னொருவர். அக்கா முகாம் முகாமாக அலைந்தார். பெடியளின் வாசலுக்கும் ஒருமுறை போனார். "எங்களையே சந்தேகப்படுறியள்?" என்று கேட்டார்கள். அதன் பிறகு அக்கா எவரிடமும் எதையும் கேட்கவில்லை. பிள்ளை ஒன்று கையில் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மகளோடு நியூசிலாந்தின் ஓக்லாந்து நகருக்கு வந்து சேர்ந்தார். சில காலம் அலுவலகங்களைத் துப்புரவு செய்தார். பின்னர் ஏவன்டேலில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை கிடைத்தது. போல் ஐயாவை அங்குதான் சந்தித்தார். எல்லோரும் வெறும் 'போல்' என்று கூப்பிட்ட அந்த வெள்ளைக்காரக் கிழவரை அக்கா மட்டும் 'போல் ஐயா' என்பார். வீடுகளுக்கு வண்ணம் பூசிப் பிழைத்தவர், உறவென்று எவரும் இல்லை. பக்கவாதம் வந்தபின் அவருக்கு ஆங்கிலம் முற்றாக மறந்துபோயிருந்தது. வாயில் வருவது வெறும் உளறல் என்றே இல்லத்தில் நினைத்திருந்தார்கள்.

பிரான்ஸ் பசிபிக் கடலில் அணுகுண்டுச் சோதனையை மீண்டும் தொடங்கிய வருடம் அது. ஊரெல்லாம் கோபம். ஒரு மாலை தொலைக்காட்சிச் செய்தியில் பிரெஞ்சு அதிகாரி ஒருவர் பேச, போல் ஐயா நாற்காலியில் நிமிர்ந்து அந்தப் பெட்டிக்குப் பதில் சொல்லத் தொடங்கினாராம். கத்தினாராம், கையைப் பறவைபோல் சரித்துக் காட்டினாராம். அன்றுதான் அது உளறல் இல்லை, பிரெஞ்சு என்று அக்காவுக்கு விளங்கியது. மற்றவர்களுக்கும் விளங்கியது. அதுவரை அவரோடு சீட்டு விளையாடியவர்கள் மேசையை மாற்றிக்கொண்டார்கள்.

கோயிலில் பழக்கமான செலின் என்ற பெண்மணியை அக்கா இல்லத்துக்கு அழைத்துப்போனார். செலின் புதுச்சேரிக்காரர், கிறிஸ்தவர். திருவிழாச் சாப்பாட்டுக்கு மட்டும் கோயிலுக்கு வருவதாகத் தாமே சிரித்துச் சொல்வார். பிரெஞ்சு அவருக்கு வீட்டுமொழி போல. அவர் போல் ஐயாவின் அருகே நெடுநேரம் உட்கார்ந்து கேட்டார்.

"அக்கா, இவரு போர் விமானம் ஓட்டினவராம். வானத்துல சண்டை போடுற விமானம். சிரியாவுல சுட்டேன், சுட்டேன்னு திருப்பித் திருப்பிச் சொல்றாரு. யாரைச் சுட்டேன்னு தெரியலையேன்னு அழுவுறாரு."

"அவற்ற முழுப்பேரைக் கேளுங்கோ," என்றார் அக்கா.

செலின் கேட்டார். போல் ஐயா சொன்ன குடும்பப் பெயர் இல்லத்தில் வழங்கியதிலிருந்து வேறாக இருந்தது. தன்னை எரிக்கும்போது அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாராம்.

அதிலிருந்து அக்கா ஓயவில்லை. நூலகத்துக்குப் போனார், தூதரகத்துக்கு எழுதினார், பதில் வரவில்லை. நான் ஒருநாள் கேட்டேன். "எங்கட வீட்டுக் கதையே முடியாமல் கிடக்கு. ஆரோ ஒரு வெள்ளைக்காரனுக்காக ஏனக்கா இந்த அலைச்சல்?"

"இவர் உயிரோட இருக்கிறார், தம்பி. வாய் திறந்து சொல்லுறார். இதைக்கூடக் கேக்காட்டில் நான் என்ன மனுசி?"

பாபகூராவில் முன்னாள் படைவீரர் சங்கம் ஒன்று இருந்தது. ஒரு சனிக்கிழமை நானும் அக்காவும் ரயிலில் அங்கு போனோம். சங்கச் செயலாளர் பிரையன் என்ற முதியவர். போர்க்காலத்தில் இங்கிலாந்தில் விமான மெக்கானிக்காக இருந்தவர். அங்கு பிரெஞ்சு விமானிகளும் இருந்ததாகவும், அவர்களது விமானங்களைத் தானே பழுதுபார்த்ததாகவும் சொன்னார்.

"எங்களோடு பறந்தவர் என்றால், அவர் எங்கள் ஆள். காலம் வரும்போது அவரது சவப்பெட்டிமேல் எங்கள் கொடி போர்த்துவோம்," என்றார் ஆங்கிலத்தில். போல் ஐயாவின் பெயர் அவருக்கு நினைவில் இல்லை. ஆனால் அந்த விமானிகளில் ஒருவரான லுசியன், பசிபிக்கில் பிரெஞ்சுத் தீவு நகரான நூமியாவில் உயிரோடு இருப்பதாகச் சொல்லி, தொலைபேசி எண்ணைத் தந்தார்.

அந்த அழைப்பை எங்கள் வீட்டிலிருந்து எடுத்தோம். செலின் பிரெஞ்சில் கேட்டு எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா தரையில், செலினின் முழங்காலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

"தெரியும்கிறாரு. ஒரு வருஷத்துக்கு மேல பக்கத்துப் பக்கத்துல பறந்தாங்களாம். பயமே இல்லாத ஆளாம்." செலின் சட்டென்று நிறுத்தினார். மறுமுனையில் குரல் மாறியிருந்தது. "ஆனா, அதுக்கு முன்னாடி அவரு இந்தப் பக்கம் இல்லையாம். ஜெர்மன்காரங்களுக்குப் பணிஞ்ச பிரெஞ்சு அரசாங்கத்துக்காகச் சிரியாவுல பறந்தாராம். இங்கிலீஷ்காரங்க விமானம் ஒண்ணைச் சுட்டு வீழ்த்தினாராம்."

"இவருக்கு அது எப்பிடித் தெரியும்?" என்றார் அக்கா.

செலின் கேட்டுச் சொன்னார். "அவரே சொன்னாராம். வந்து சேர்ந்த முதல் நாளு, சாப்பாட்டு மேசையில எழுந்து நின்னு. 'இதைத் தெரிஞ்சுக்கிட்டு என்னோட சாப்பிடுங்க'ன்னாராம். பாதிப் பேரு எழுந்து போயிட்டாங்களாம். நானும் போனேன்கிறாரு. கடைசிவரைக்கும் அவரு கையைத் தொடலியாம்."

போல் ஐயாவுக்கு ஏதாவது சொல்ல விருப்பமா என்று அக்கா கேட்கச் சொன்னார். லுசியன் சொன்னது ஒரு வசனம்தான். 'நன்றாகப் பறந்தான் என்று சொல்லுங்கள்.'

மறுநாள் செலின் அதைச் சொன்னபோது போல் ஐயா கண்ணை மூடிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். செலின் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"வேற ஒண்ணும் சொல்லலியான்னு கேக்குறாரு. என்ன சொல்லட்டும்?"

"சொல்லேல்லை எண்டு சொல்லுங்கோ. இவருக்குப் பொய் வேண்டாம்."

போல் ஐயா தலையை மெல்ல ஆட்டினாராம். அக்காவின் கையை விடவே இல்லையாம்.

அடுத்த வாரம் அக்கா பாபகூராவுக்குப் போய் பிரையனிடம் எல்லாவற்றையும் சொன்னார். சிரியாவையும் சொன்னார். பிரையன் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். அந்த வானத்தில் தனக்கும் நண்பர்கள் இருந்தார்கள் என்றார். தனியாக முடிவெடுக்க முடியாது, குழுவிடம் கேட்க வேண்டும் என்றார். குழு மறுத்துவிட்டது.

"அந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கலாமே அக்கா," என்றேன்.

"அவர் எல்லாரும் இருக்கேக்க எழும்பி நிண்டு சொன்னதை நான் ஆர் மறைக்கிறதுக்கு?" என்றார். ஆனால் அன்று அவர் சாப்பிடவில்லை. கொடி கிடைக்காமல் போனது தன்னால்தானோ என்ற கலக்கம் கடைசிவரை அவரை விடவில்லை. என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்.

அடுத்த குளிர்காலத்தில் போல் ஐயா காலமானார். தகனத்துக்கு இல்லத்தார் இருவர், செலின், அக்கா, அக்காவின் மகள், நான். கொடி இல்லை. பாதிரியார் தொடங்கும் நேரத்தில் பிரையன் வந்தார். பதக்கம் எதுவும் அணியாமல், சாதாரண மேற்சட்டையோடு பின்வரிசையில் நின்றார். அக்கா எழுந்துபோய், போல் ஐயாவின் முழுப்பெயரையும் செலின் பழக்கிவிட்டபடி பிரெஞ்சில் சொன்னார். முதலில் ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் நின்று போரிட்டவர் என்று ஆங்கிலத்தில் சொன்னார். "இவர் சுட்ட மனிதரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அவருக்காகவும் கும்பிடுகிறோம்," என்றார். பிரையன் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் காரின் பின்னிருக்கையிலிருந்து மகள் ஆங்கிலத்தில் கேட்டாள், "அம்மா, அப்பாவைக் கொண்டுபோனது எந்தப் பக்கம்?" அதுவரை அவள் அப்படிக் கேட்டதில்லை. "தெரியாதம்மா," என்றார் அக்கா. சிறிது தூரம் போன பின், "நான் கேக்கப் பயந்திட்டன்," என்றார்.

அதன் பிறகு அக்கா கேட்கத் தொடங்கினார். தொலைபேசியில் திருகோணமலை ஆட்களைத் தேடித் தேடிக் கேட்டார். சிலர் பேச்சை மாற்றினார்கள். ஒருவர், "இப்ப ஏன் இதைக் கிளறுறியள், பிள்ளையின்ர எதிர்காலத்தைப் பாருங்கோ," என்று அறிவுரை சொல்லி வைத்துவிட்டார். இதற்கிடையே வயிற்றில் புற்றுநோய் என்று தெரியவந்தது. சத்திரசிகிச்சை பயன் தரவில்லை. வலியிலும் அக்கா எவரையும் கடிந்து பேசியதில்லை. கடைசி நாட்களில் என்னை அருகே கூப்பிட்டார்.

"எனக்கு மலர் அடிப்பியள்தானே?"

"இப்ப ஏனக்கா அந்தக் கதை?"

"அடிப்பியள், எனக்குத் தெரியும். அது எல்லா ஊருக்கும் போகும். என்ர புகழை விட்டிட்டு இதை எழுது, தம்பி. உன்ர அத்தானுக்கு என்ன நடந்தது எண்டு தெரிஞ்ச ஆரோ எங்கயோ இருக்கினம்."

அதனால்தான் எழுதினேன்.

அக்காவின் நோய்க்காலத்தில் பராமரித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், முறைவைத்துச் சமைத்து அனுப்பிய மவுண்ட் ரோஸ்கில் குடும்பங்களுக்கும், கூடப்பிறந்தவர் போல் படுக்கையருகே இருந்த செலினுக்கும், இறுதிக்கிரியைக்குப் பாபகூராவிலிருந்து ரயிலேறி வந்த பிரையனுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இதை வாசிப்பவர்களில் அத்தானின் முடிவை அறிந்தவர் ஒருவர் இருக்கலாம். கண்டவராக இருக்கலாம், கூட்டிப்போனவராகவும் இருக்கலாம். நீங்கள் எந்தப் பக்கம் நின்றிருந்தாலும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அவர் மகளுக்கு அதைக் கேட்கும் வயது இப்போது வந்துவிட்டது. நீங்கள் சொல்லி முடிக்கும்வரை நாங்கள் மேசையை விட்டு எழுந்து போகமாட்டோம்.